தவிடு மாட்டிற்கு, மாவு மனிதனுக்கா?

தை மாதத்தில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிக் கிராமங்களைச் சுற்றிவருவோர் கண்ணில் மூன்று காட்சிகள் படும். ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கங்களில் கொப்பரையில் கரும்புப் பாகு கொதிக்கும். ஊர்தோறும் அரைவை மில்லில் அரிசி வெள்ளை வெளேரென்று கொட்டும். இம்மூன்றிலும் கழிவது எங்கே போகிறது என்று பார்த்தால், கிழங்கின் திப்பியும் நெல்லின் தவிடும் மாட்டுத் தீவனமாகின்றன; கரும்பின் சக்கை அடுப்பெரிக்கப் பயன்படுகிறது. எஞ்சிய மாவும் சர்க்கரையும் மனிதனுடைய இலைக்கு வருகின்றன. இந்தப் பங்கீடு தகுமா என்று குடியானவர்கள் யோசிக்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்பது எனது அபிப்பிராயம்.

ஜவ்வரிசித் தொழில் நம் பகுதிக்கு வாழ்வளித்த தொழில் என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது உலக யுத்தத்தினால் அயல்நாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றபோது, 1943-ஆம் வருஷத்தில் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து இவற்றைச் செய்யத் தொடங்கினார். 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. மானாவாரி ராகியும் கம்பும் கண்டுவந்த பல காடுகளில் கிழங்கு ஏறிற்று. கிழங்கு நடுங்கள், கையில் காசு நிற்கும் என்று ஊர் ஊராய்ச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த யோசனை தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் காட்டிலிருந்து ராகி போனபோது அதனோடு ஊடுபயிராய் நின்ற அவரையும் துவரையும் தட்டைப்பயறும் சேர்ந்தே போயின என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மாச்சத்து விஷமன்று. உழுகிறவனுக்கும் களையெடுக்கிறவளுக்கும் அதுவே விறகு. வயிற்றில் அது சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. விடியுமுன் கவலை ஓட்டி, பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த நம் பாட்டனார் தின்ற சோறு மாலைக்குள் எரிந்துபோயிற்று. இப்போது நீர் இறைப்பது மோட்டார், உழுவது டிராக்டர், சந்தைக்குச் செல்வது மோட்டார் சைக்கிள். வேலை குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. தவிடு நீங்கிய அரிசியோ முன்னிலும் விரைவாகச் சர்க்கரையாகிறது. விறகை அடுக்கிக்கொண்டே போய் அடுப்பை மூட்டாதிருந்தால் வீடு என்னாகும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பரிசோதனையின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவுடையவர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 100-க்கு சுமார் 14 பேர் என்றும் அதனால் தெரிகிறது. 2025-இல் அதே ஆராய்ச்சியாளர்கள், நம்மவர் உண்ணும் ஆகாரத்தின் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாச்சத்திலிருந்தே வருகிறதென்று கண்டு வெளியிட்டார்கள். இது புதிய எச்சரிக்கையுமன்று. நீலகிரிக் குன்னூரில் 1920-களில் மெக்காரிசன் துரை, இந்தியாவின் பல பகுதி ஜனங்களின் ஆகாரங்களை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. அரிசியே பிரதானமான சென்னை மாகாண ஆகாரம் உண்டவை மெலிந்தவற்றுள் சேர்ந்தன.

இது கேட்ட குடியானவர்கள் இரண்டு சமாதானங்கள் சொல்வதுண்டு. முதலாவது, “நாங்கள் வெள்ளைச் சர்க்கரை தொடுவதில்லை, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையுமே” என்பது. வெல்லத்தில் சிறிது இரும்பும் பிற உப்புக்களும் உண்டு. ஆயினும் பத்துப் பங்கில் எட்டுப் பங்குக்குக் குறையாமல் அதுவும் சர்க்கரையே. இரத்தம் நிறம் பார்ப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் கூறிய யோசனைப்படி, ஒருவர் நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நலம். வெல்லமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. கரண்டி இரண்டு வீதம் நாலு வேளை தேநீர் குடிப்பவர் அவ்வளவைத் தாண்டிவிடுகிறார். ஜவ்வரிசிப் பாயசமோ மாவும் வெல்லமும் கூடியது. 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதங்கூட இல்லை. விசேஷ நாளுக்கு அது உரியது. நோயாளிக்குப் பத்தியமென்று தினமும் காய்ச்சிக் கொடுப்பது உரியதன்று.

இரண்டாவது சமாதானம், “சோற்றை விட்டுக் களிக்கு மாறிவிட்டோம்” என்பது. ராகியில் சுண்ணாம்புச் சத்து அரிசியைக்காட்டிலும் பன்மடங்கு அதிகம், நாரும் அதிகம். ஆகையால் களி நல்ல ஆகாரமே. ஆயினும் 100 கிராம் ராகியில் புரதம் 7 கிராம் அளவே. மற்றதில் பெரும்பகுதி மாவுதான். மொத்த மாச்சத்தைக் குறைக்காமல் தானியத்தைமட்டும் மாற்றினால் நீரிழிவு குறைவதாகத் தெரியவில்லை என்றும், மாச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்துப் பயறு, பால், முட்டை முதலியவற்றின் புரதத்தால் நிரப்பினால் அபாயம் குறையுமென்றும் மேற்சொன்ன 2025-ஆம் வருஷத்து ஆராய்ச்சி கூறுகிறது. உருண்டையைச் சிறிதாக்கிக் கொள்ளுப் பருப்பைப் பெரிதாக்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்விஷயத்தில் நாமக்கல் குடியானவருக்கு வேறொருவர் பாடம் சொல்லவேண்டியதில்லை. கோழிப் பண்ணையில் அவர் மக்காச்சோளத்தைமட்டும் கொட்டுவதில்லை. சோயாப் பிண்ணாக்கை அளந்து கலக்கிறார். புரதம் குறைந்தால் முட்டை குறையுமென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கறவை மாட்டிற்குக் கடலைப் பிண்ணாக்கு ஊறவைக்க மறப்பதில்லை. அவ்வளவு கணக்காகக் கோழிக்கும் மாட்டிற்கும் தீனி அளப்பவர், தம் வீட்டுப் பிள்ளையின் தட்டில் குவிந்த சோற்றையும் ஓரத்தில் ஒழுகும் ரசத்தையும் பார்த்துப் பேசாதிருக்கிறார். இங்கிருந்து முட்டை கடல் கடந்து போகிறது. பக்கத்துத் தெருக் கூலிக்காரர் வீட்டில் அது விருந்தாளியாகவே இருக்கிறது. இதைக் காட்டிலும் விநோதம் வேறென்ன?

ஆகவே நான் சொல்லும் யோசனை இதுவே. விற்பதற்குக் கிழங்கும் கரும்பும் தாராளமாய் நடலாம். ஆனால் காட்டில் ஒரு மூலை வீட்டுப் பங்காக இருக்கட்டும். மரவள்ளி நட்ட முதல் மூன்று மாதம் வரிசைகளுக்கு இடையில் நிலம் சும்மா கிடக்கிறது. அதில் உளுந்தோ தட்டைப்பயறோ நிலக்கடலையோ எடுக்கலாம். இளங்கரும்பின் பாரிலும் பாசிப்பயறு ஒரு போகம் வரும். மானாவாரித் துண்டொன்றில் ராகியும் ஓரத்தில் துவரையும், புரட்டாசியில் கொள்ளும் விதைத்தால் வருஷத்துக்கு வேண்டிய பருப்பு வீட்டிலேயே சேரும். 100 கிராம் கொள்ளில் புரதம் 20 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நீரிழிவு உள்ளவர்கள் இதனை மருந்துக்குப் பதிலாகக் கொள்ளாமல், மருத்துவர் சொற்படி நடந்துகொண்டே செய்யவேண்டும்.

“ரேஷன் கடையில் அரிசி இலவசமாய்க் கிடைக்க, நாங்கள் ஏன் ராகி விதைக்கவேண்டும்?” என்று கேட்பாருமுண்டு. கேள்வி நியாயமானதே. 2011 முதல் வரும் இலவச அரிசி பசியைப் போக்கிய உபகாரம்; அதை யாரும் குறை கூறலாகாது. ஆயினும் 2023-இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது போன்ற ஏற்பாடுகள் நம் பகுதிக்கும் ஏற்றவை. அதனோடு பயறும் சேர்ந்தால் இன்னும் நலம்.

எங்கள் இலாகாவுக்கும் ஒரு கடமை உண்டு. ஏக்கருக்கு எத்தனை டன் கிழங்கு, கிழங்கில் எத்தனை பங்கு மாவு என்று எழுதிவருகிறோம். அவ்வீட்டின் பானைக்கு எத்தனை படி பயறு போயிற்றென்று எழுத ஒரு கட்டமும் எங்கள் பதிவேட்டில் இருக்கவேண்டும். களத்து மேட்டில் விலை நிச்சயமாகுமுன், வீட்டுப் பங்கு எங்கே என்று குடும்பத்து ஸ்திரீகள் கேட்கத் தொடங்கினால் பாதி காரியம் முடிந்தது போலாம்.