இறால் ஓட்டுக்குப் பச்சைச் சாயம்

போன வாரம் எங்க ஊர் டீக்கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வேதாரண்யம் பக்கம் இறால் கேட்டு வருகிற கார்கள் உண்டு. இவர்கள் கேட்டது இறாலை அல்ல, அதன் ஓட்டை. "தினமும் எவ்வளவு ஓடு கிடைக்கும்? வாய்க்கால் ஓரமா, தண்ணி வசதியோட இடம் இருக்கா?"

இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்து, எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்துகிற சேற்றில் கலப்பார்களாம். "கழிவு காசாகும் சார். இயற்கைப் பொருள், மக்கிடும். சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்றார் தம்பி ஒருத்தர். எனக்கு அந்த "தண்ணி வசதியோட" என்கிற வார்த்தைதான் காதிலேயே நின்றது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இறாலின் எடையில் கிட்டத்தட்ட பாதி தலையும் ஓடுமாகவே போய்விடும். உரிக்கிற கொட்டகைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தால் இரண்டாம் நாள் நாற்றம் தாங்காது. துளைக்கிற சேற்றுக்குப் பாலிமர் வேண்டும் என்பதும் உண்மை. அந்தச் சேறுதான் துளைப்பானைக் குளிர வைக்கிறது, வெட்டிய கல்லையும் மண்ணையும் மேலே கொண்டு வருகிறது. களிப்பாறை தண்ணீர் குடித்து ஊதினால் கிணறு சரிந்துவிடும். கைட்டோசான் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு அந்த ஊதலைக் குறைக்கும். விஞ்ஞானத்தில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், ஓடு கைட்டோசானாக மாறுகிற வழியில்.

உலர்ந்த ஓட்டில் கைட்டின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பும் புரதமும். சுண்ணாம்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதத்தை நீக்க காஸ்டிக் சோடா. அப்புறம் கைட்டினைக் கைட்டோசானாக்க, நூற்றுக்கு நாற்பது ஐம்பது பங்கு காஸ்டிக் இருக்கிற கரைசலில் போட்டுச் சூடுபடுத்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கழுவணும், கழுவணும், கழுவிக்கொண்டே இருக்கணும். அதோடும் முடியவில்லை. சாதாரணக் கைட்டோசான் அமிலத்தில்தான் கரையும். துளைக்கிற சேற்றையோ பெரும்பாலும் காரமாகவே வைத்திருப்பார்கள். ஆகவே அங்கே கரையும்படி மாற்ற இன்னொரு ரசாயனக் குளியல்.

"அந்தத் தண்ணியை என்ன தம்பி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நியூட்ரலைஸ் பண்ணித்தான் சார் விடுவோம்."

அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள். உப்பும் தண்ணீரும். லிட்மஸ் தாளுக்கு அது சாது. என் வயலுக்கு அது எமன். எங்க ஊர் உப்பளத்துக்குப் பேர்போனது, உப்பு எங்களுக்குத் தெரியாத சரக்கு இல்லை. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதக்கிறது. அதை நம்பித்தான் கத்தரியும் முல்லையும் நிற்கின்றன. சோடியம் ஏறின மண் களர் பிடிக்கும். மழை பெய்தால் உள்ளே இறங்காது, காய்ந்தால் கல்லாகிவிடும். அதை மீட்க ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் நிறுத்தி, வடித்து வடித்து வருஷக்கணக்கில் அல்லாட வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இன்னொன்று. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. புது எண்ணெய், எரிவாயுக் கிணறுக்குத் தடை. அதற்காகத் தெருவில் நின்றவர்கள் நாங்கள். இப்போது எங்க வாய்க்காலைக் கெடுத்து, இன்னொரு ஊர் விவசாயியின் வயலில் துளை போடச் சேறு தயாரிப்பதா? கிணற்றுச் சேற்றில் பெரும்பங்கு தண்ணீரும் பென்டோனைட் களிமண்ணும் பேரைட்டும். பாலிமர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் மக்கும் என்பதற்காகக் கிணறே பசுமை ஆகிவிடாது.

"விலை கிடைக்குமே அண்ணே" என்றார் கடையில் இருந்த ஒருத்தர். ராஜஸ்தானில் கொத்தவரைக்கும் கிடைத்தது. அதன் பிசினை அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் கிணறுகளில் பயன்படுத்துவார்கள். 2012-ல் விலை ஏறிய ஏற்றத்தில் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்த வேண்டி வந்தது. ஆசைப்பட்டுப் பரப்பைக் கூட்டினார்கள். பிறகு விலை விழுந்தது. எண்ணெய்க் கிணற்றை நம்பின வெள்ளாமைக்கு மழை வெயிலைவிட மோசமான ஒரு தெய்வம் உண்டு: கச்சா எண்ணெய் விலை.

ஓடு வீணாகப் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. கொட்டகையில் இறால் உரிக்கப் போகிற அக்கா ஒருத்தரிடம் சாக்குக் கணக்கில் வாங்கி, உப்புப் போக அலசி, காயப்போட்டு, இடித்து, சாணியோடு மக்கவைத்துக் கத்தரிப் பாத்தியில் போடுகிறேன். கைட்டினைத் தின்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும். நூற்புழு முட்டையின் ஓட்டிலும் கைட்டின் இருப்பதால் அதையும் அவை விடாது. என் பாத்தியில் வேர்முடிச்சு குறைந்திருக்கிறது. அமிலமும் இல்லை, காஸ்டிக்கும் இல்லை.

அவ்வளவு ஓட்டையும் மண்ணுக்கே போட முடியாது என்பதும் தெரியும். ஆலை வரட்டும். ஆனால் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டும் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. அதை வற்றவைக்கிற செலவைத் திட்டத்திலேயே எழுதிக் கிராமசபையில் காட்டணும். லாக்டிக் அமில பாக்டீரியாவை நொதிக்க விட்டுச் சுண்ணாம்பையும் புரதத்தையும் பிரிக்கிற வழியும் இருக்கிறது. மெதுவாக நடக்கும், அவ்வளவு சுத்தமாகவும் வராது, அதனால் அதைத் தொட மாட்டார்கள். தொடட்டும். விரல் புண்ணாக உரிக்கிற பெண்களுக்கும் ஓட்டு விலையில் பங்கு வேண்டும்.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். "கழிவிலிருந்து பசுமைத் தொழில்நுட்பம்" என்று செய்தி வந்தால், பகிர்வதற்கு முன்னால் ஒரு கேள்வி போடுங்கள்: கழுவின தண்ணி எங்கே போகுது?

காரில் வந்த தம்பி அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் அடிக்கிறேன்.