வாசலில் ஒரு தீர்ப்பு, வியாழக்கிழமை இன்னொன்று

முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப் பிடித்துப் போகிறவர் அல்ல அவர். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியதில்லை. எந்த இயக்குநர் யாரிடம் உதவியாளராக இருந்தார் என்ற வம்சாவளியும் தெரியாது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம். அதுவும் சனிக்கிழமை மாலை வேறு வேலை இல்லாவிட்டால். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் தமிழராக இருந்தால் இன்னொரு சிக்கல்: தமிழ்ப் படம் ஊரின் மறுகோடியில், இரவு பத்தரை மணிக் காட்சியாக மட்டுமே இருக்கும். பக்கத்துத் தியேட்டரில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்க்க வேண்டியதுதான். இந்தி, மலையாளம், தெலுங்கு, பேய், சண்டை, சிரிப்பு, எதுவானாலும் சரி.

இந்த எப்போதாவது ரசிகரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு படம் இரண்டாவது வாரம் தாண்டுமா என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான். ஸ்டார்களின் ரசிகர்கள் வெள்ளிக்கிழமையைக் கொடுப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையைக் கொடுப்பது இவர். அவர் தருவது ஒரு தீர்ப்பு அல்ல, இரண்டு என்பதுதான் விஷயம். ஒன்று, படம் முடிந்து வாசலில் செருப்பு மிதிபடும் நெரிசலில் சொல்வது. மற்றது, நான்கைந்து நாள் கழித்து, ஆபீஸில் டீ குடிக்கும்போது தானாக வாயில் வருவது. இரண்டும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. 2024-ல் வந்த படங்களை இப்படி இரண்டு தராசில் வைத்துப் பார்த்தால் சில வேடிக்கைகள் தெரிகின்றன.

இரண்டு தராசிலும் ஒரே எடை காட்டிய படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. 2006-ல் கொச்சிக்கு அருகிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவன் குணா குகையின் ஆழத்தில் விழுந்ததும், இன்னொரு நண்பன் இறங்கி அவனை மீட்டதும் உண்மைச் சம்பவம். முடிவு ஊருக்கே தெரியும். இருந்தும் தியேட்டரில் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் சிதம்பரம் பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. முதல் பாதியில் அந்தப் பையன்களைச் சும்மா சுற்ற விடுகிறார். கலாய்க்கிறார்கள், குடிக்கிறார்கள், வடம் இழுக்கும் போட்டியில் மல்லுக்கட்டுகிறார்கள். 'இதெல்லாம் எதற்கு?' என்று நெளிந்தவர்களுக்குக் கடைசியில் பதில் கிடைக்கிறது. அதே கைகள், அதே கயிறு. ஆனால் இப்போது மறுமுனையில் தொங்குவது உயிர். 1991-ல் வந்த 'குணா'வின் காதல் பாட்டு, நட்புக்கான பாட்டாக மாறும் இடத்தில் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டப்பிங் கூட இல்லாமல் ஒரு மலையாளப் படம் தமிழ்நாட்டில் அப்படி ஓடியது அபூர்வம். அந்தப் படத்தில் தமிழ்நாட்டுப் போலீஸ் நடந்துகொள்ளும் விதம் மெச்சும்படி இல்லை. அதையும் மீறி ஓடியது.

வாசலில் கைதட்டல் வாங்கி, வியாழக்கிழமை சங்கடத்தில் மாட்டிவிட்ட படம் 'மகாராஜா'. சலூனில் வேலை செய்யும் ஒரு சாதாரண மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வீட்டிலிருந்த 'லட்சுமி' திருடு போய்விட்டது என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. அங்கே தொடங்கும் சிரிப்பு எங்கே போய் உறைகிறது என்பதுதான் நித்திலன் சுவாமிநாதனின் சாமர்த்தியம். காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு, கடைசிச் சீட்டை இறக்கும்போது அரங்கமே ஸ்தம்பிக்கிறது. விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். இத்தனை அடக்கி அவர் நடித்து நாளாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சீனா வரை போய் ஓடியது.

சில நாள் கழித்து வரும் கேள்வி வேறு. அந்தக் கடைசிச் சீட்டு எதனால் செய்யப்பட்டது? ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையால். அவள் வலியைப் படம் மதிக்கிறதா, அல்லது புதிரின் விடையாகப் பயன்படுத்திக்கொள்கிறதா? மகளோடு பார்க்கப் போன அப்பாக்கள் வீடு திரும்பும்போது பேச்சில்லாமல் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் படத்தின் வலிமை மட்டும் இல்லை. பழிவாங்கும் அப்பாவின் மனசு தெரிகிறது. மகளின் மனசு சில நிமிடங்களுக்கு மேல் தெரிவதில்லை. திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது தீர்ப்பில் முழு மதிப்பெண் வாங்காமல் போவது இந்த இடத்தில்தான்.

சண்டைப் படங்களைப் பற்றி எப்போதாவது ரசிகருக்குப் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. பத்துப் பேரை ஒருவர் அடிப்பார், அவ்வளவுதானே. ராஞ்சியிலிருந்து டெல்லிக்குப் போகும் ராஜதானி எக்ஸ்பிரஸுக்குள்ளேயே நடந்து முடியும் 'கில்' இந்த அலட்சியத்துக்குப் பதில் சொன்ன இந்திப் படம். கொள்ளைக் கும்பல் ஒருபுறம், கமாண்டோக்கள் மறுபுறம். பாதிப் படம் ஓடிய பிறகுதான் டைட்டிலே வருகிறது. அதுவரை நடந்தது முன்னுரை என்று அப்போது புரியும். ரத்தம் அதிகம். குழந்தைகளை அழைத்துப் போகக் கூடாத படம். ஆனால் இயக்குநர் நிகில் நாகேஷ் பட் ஒரு காரியம் செய்திருக்கிறார். கொள்ளையர்கள் எல்லோரும் உறவினர்கள். ஒவ்வொருவன் சாகும்போதும் இன்னொருவன் 'சித்தப்பா' என்றோ 'தம்பி' என்றோ அழுகிறான். வில்லன்களின் அடியாட்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கும் என்பது நூறு ஆண்டு கடந்த இந்திய சினிமாவுக்கு அடிக்கடி தோன்றிய சிந்தனை அல்ல. ஹீரோவின் அடி ஒவ்வொன்றும் அதனால்தான் பார்க்கிறவருக்கும் வலிக்கிறது.

பயத்திலும் இரண்டு வகை. மம்மூட்டியின் 'பிரம்மயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாழடைந்த மாளிகை, மழை, மூன்றே மூன்று முக்கியப் பாத்திரங்கள், ஒரு பகடையாட்டம். பேய்ப் படம் என்று நினைத்துப் போனவர்கள், அதிகாரம் கையில் வந்தவன் எப்படிச் சிரிப்பான் என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 'ஸ்திரீ 2' இன்னொரு வகை. அலறலுக்கு நடுவே ஜோக், ஜோக்குக்கு நடுவே அலறல். ஆகஸ்ட் 15 விடுமுறையில் வந்து, அந்த ஆண்டின் மிகப் பெரிய இந்தி வெற்றிகளில் ஒன்றானது. தலையில்லாத பூதம் ஒன்று, சொந்தப் புத்தியுள்ள பெண்களைத் தேடிப் பிடித்துத் தூக்கிப்போகிறது என்ற கற்பனையில் நல்ல குத்தல் இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து நினைவில் நிற்பது ஜோக்குகள்தான், குத்தல் அல்ல. மம்மூட்டியின் காவிப் பல் சிரிப்போ மாதங்கள் கழித்தும் வந்து போகிறது.

பிரமாண்டத்துக்கு வருவோம். 'கல்கி 2898 ஏடி'க்கு டிக்கெட் வாங்கியவர்கள் பணம் எங்கே போனது என்று கேட்க முடியாது. திரையில் எல்லாம் தெரிகிறது. குருக்ஷேத்திரத்தில் தொடங்கி, கங்கை வற்றிப்போன காசியில் இறங்கி, வானத்தில் தலைகீழாகத் தொங்கும் கோபுரம் வரை போகிறது நாக் அஸ்வினின் கற்பனை. கோவையில் நிஜமாகவே கட்டப்பட்ட 'புஜ்ஜி' என்ற கார் படத்தில் பேசுகிறது. சாபம் சுமந்து அலையும் அஸ்வத்தாமாவாக அமிதாப் பச்சன் எழுந்து நிற்கும் கணத்தில் எண்பது வயதைத் தாண்டியவர் என்ற நினைப்பே வருவதில்லை. கமல்ஹாசன் வருவது சில நிமிடங்கள். அடுத்த பாகத்துக்கான அட்வான்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். கோளாறு எங்கே? பிரபாஸின் முதல் பாதி வேடிக்கைகள் வேறு ஏதோ படத்திலிருந்து வழிதவறி வந்தவை மாதிரி இருக்கின்றன. மகாபாரதம் தெரிந்தவருக்குப் படத்தின் பாதி பலம் மகாபாரதத்திலிருந்தே வருகிறது. வியாழக்கிழமை யோசித்தால் மிஞ்சுவது அந்தக் கிழட்டு வீரர் மட்டும்.

இனி, இரண்டாவது தீர்ப்பால் மட்டுமே பிழைத்த படங்கள். கிரண் ராவின் 'லாபத்தா லேடீஸ்' 2024 மார்ச்சில் வந்தபோது தியேட்டர்களில் பெரிய கூட்டம் இல்லை. 2001-ல் ஒரு ரயில் பயணம், முக்காடு போட்ட இரண்டு கல்யாணப் பெண்கள், இருட்டில் மாப்பிள்ளை தவறான பெண்ணை இறக்கிக்கொண்டு போய்விடுகிறான். கதை இவ்வளவுதான். அடுத்த மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும்தான் வீட்டுக்கு வீடு பேச்சானது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குத் திரையிடப்பட்டது. செப்டம்பரில் ஆஸ்கருக்கான இந்தியாவின் தேர்வானது. படம் கொஞ்சம் இனிப்பு அதிகம்தான். லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர் சரியான நேரத்தில் நல்லவராகிவிடுவது நிஜ வாழ்க்கையில் எத்தனை ஸ்டேஷனில் நடக்கும்? ஆனால் ரயில்வே பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மஞ்சு மாயி என்ற அந்த அம்மாள் சொல்லும் ஒன்றிரண்டு விஷயங்கள், பல மாமியார்-மருமகள் வீடுகளில் டி.வி.யை நிறுத்தி வைத்துப் பேசப்பட்டவை.

அந்த அம்மாளாக நடித்த சாயா கதம், அதே ஆண்டில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றின் சமையல்காரப் பெண்ணாகவும் வந்தார். படம், பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்'. கான் திரைப்பட விழாவின் பிரதான போட்டியில் 30 ஆண்டுகளுக்குப் பிறகு இடம்பெற்ற இந்தியப் படம். 2024 மே மாதம் அங்கே கிராண்ட் பிரீ விருது பெற்றது. இரண்டு மலையாள நர்ஸ்கள், ஒரு மராத்திச் சமையல்காரர். கையில் பத்திரம் இல்லாததால், பல வருஷம் வாழ்ந்த வீட்டைக் கட்டடக் கம்பெனியிடம் பறிகொடுக்கும் பெண்ணின் கதையை மும்பைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசல் தீர்ப்பு 'ஸ்லோ' என்பதுதான். இரண்டாவது தீர்ப்பு வர, கடைசி லோக்கலில் ஜன்னல் ஓரம் ஒரு தடவை உட்கார்ந்து வர வேண்டியிருக்கும்.

இந்த இரண்டாவது வாய்ப்பு எல்லாப் படத்துக்கும் அமைவதில்லை. 'மெய்யழகன்' கதையைப் பாருங்கள். சொந்த வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவர் பல வருஷம் கழித்துக் கல்யாணத்துக்காகத் தஞ்சைப் பக்கம் வருகிறார். பெயர்கூட ஞாபகம் வராத ஓர் உறவுக்காரர் 'அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறார். இரவெல்லாம் பேச்சு. அரவிந்த்சாமியும் கார்த்தியும் மாறி மாறி மனசைக் கரைக்கிறார்கள். 2024 செப்டம்பர் 27-ல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக வந்தது. நீளம் என்று வாசலில் சொன்னார்கள். சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டப்பட்டது. வியாழக்கிழமைத் தீர்ப்பு வருவதற்குள் கத்தரிக்கோல் வந்துவிட்டது. ஊரை விட்டு வந்து டெல்லியிலும் புனேயிலும் குடியேறிய பலர் அதைப் பிறகு வீட்டில் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டார்கள். பேச்சுத்தான் படம் என்று எடுத்தவரிடம் பேச்சைக் குறைக்கச் சொன்னால் என்ன மிஞ்சும்? அப்படியும் மிஞ்சியது என்பது இயக்குநர் பிரேம்குமாரின் பலம்.

'கொட்டுக்காளி' நிலைமை இன்னும் மோசம். ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு குடும்பம், நடுவில் வாயே திறக்காத ஒரு பெண். வேறு சாதிப் பையனை விரும்பியதால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். பின்னணி இசை கிடையாது. கரடுமுரடான குரலோடு சூரி, மௌனத்தையே வசனமாக்கும் அன்னா பென். வழியில் ஒரு மாடு சாலையை மறிக்கிறது. ஆண்கள் எல்லோரும் திணறி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். சாமியாரின் வாசலில் படம் சட்டென்று நிற்கிறது. 'என்னய்யா இது, முடிவையே காணோம்?' என்று தியேட்டரில் சத்தம் போட்டவர்களின் கோபம் நியாயமானதே. கொடுத்த காசுக்கு முடிவு கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணை என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் நாலு நாளாகியும் விடுவதில்லை. முடிவைத் தந்திருந்தால் அன்றே மறந்திருக்கலாம். அந்தக் கேள்வியோடு இரண்டாவது தடவை பார்க்கலாம் என்று யாராவது கிளம்பியிருந்தால், பெரும்பாலான ஊர்களில் அந்தக் காட்சி எடுக்கப்பட்டிருந்தது.

வியாபாரிகள் கேட்பார்கள்: வெள்ளி, சனி, ஞாயிறுக்கு அப்புறம் யாரய்யா வருகிறார்கள்? வந்திருக்கிறார்கள். 2023 அக்டோபரில் சத்தமில்லாமல் வந்த '12த் ஃபெயில்' வாய்வழிப் பேச்சாலேயே மாதக்கணக்கில் ஓடியது. 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த படமானது. 2018-ல் சுமாராகப் போன 'தும்பாட்' என்ற திகில் படம் 2024 செப்டம்பரில் மறுபடி திரைக்கு வந்தபோது முதல் தடவையை விட அதிகம் வசூலித்தது. ஆறு வருஷம் தாமதமாக வந்த வியாழக்கிழமைத் தீர்ப்பு அது. ஆனால் ஆறு வருஷம் காத்திருக்க எல்லாத் தயாரிப்பாளருக்கும் வசதி இருக்காது. வட்டி காத்திருக்காது.

ஆகவே எப்போதாவது ரசிகரின் கோரிக்கை எளிமையானது. பெரிய படங்களுக்கு நூறு காட்சி கொடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சின்னப் படத்துக்கு ஒரே ஒரு மாலைக் காட்சியை இரண்டாவது வாரமும் விட்டு வையுங்கள். சனிக்கிழமை பார்த்தவர் வியாழக்கிழமை பேசி, அதைக் கேட்டவர் மறு சனிக்கிழமை கிளம்புவதற்குள் போஸ்டர் கிழிந்துவிடுகிறது. பேச்சு இருக்கிறது, படம் இல்லை.