உங்க எம்.பி. யாருன்னு தெரியுமா? அயோத்தியாப்பட்டணம், ஏற்காடு, தொகுதி மறுவரையறை: ஒரு நீண்ட இழை

1/
வழக்கமா சர்க்கரை, பிரஷர், காய்ச்சல்னு எழுதுற ஆளு நான். இன்னைக்கு தொகுதி மறுவரையறை பற்றி எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்கு அரசியல்?"னு கேட்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுமையா படிங்க. இது என் கிளினிக்ல தொடங்கின விஷயம்.

2/
கிளினிக் சேலம் அம்மாபேட்டையில். வர்றவங்கள்ல பாதிப் பேர் நெசவுக் குடும்பங்கள். மீதிப் பேர் ஆத்தூர் ரோட்டுப் பஸ்ல வந்து இறங்கற கிராமத்து ஜனங்க. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கமிருந்து வருவாங்க. குப்பனூர் வழியா ஏற்காடு மலையிலிருந்து இறங்கி வர்றவங்களும் உண்டு.

3/
ரெண்டு வருஷம் முன்னாடி, அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பையனுக்கு 14 வயசு. ரத்தப் புற்றுநோய். வெளியூர் ஆஸ்பத்திரியில் உறுதி பண்ணி, செலவு எஸ்டிமேட் கொடுத்து அனுப்பியிருந்தாங்க. காப்பீட்டு அட்டையில் கிடைக்கிறது போக இன்னும் பல லட்சம் தேவை.

4/
இந்த மாதிரி நேரத்தில் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். எம்.பி.யோட பரிந்துரைக் கடிதத்தோட அனுப்பறது வழக்கம். என்னென்ன தாள் வேணும்னு நானே எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியா "சேலம் எம்.பி. கடிதம்"னும் எழுதினேன்.

5/
மூணாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தாங்க.
"சார், நம்மூருக்கு எம்.பி. இவரு இல்லீங்களாமா. கள்ளக்குறிச்சி எம்.பி.யைப் பார்க்கணுமாமா. நாங்க சேலம் தானுங்களே சார்?"

6/
அவங்களுக்குச் சொல்லப்பட்டது சரியான தகவல். தப்பு என்னோடது. கூலியை விட்டுட்டு, பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுட்டு அவங்க அலைஞ்சது நான் எழுதின அந்த ஒரு வரியால. பஸ்ல கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர் எந்தத் தொகுதின்னு படிச்ச எனக்கே தெரியலை.

7/
விஷயம் இதுதான். அயோத்தியாப்பட்டணம் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி. ஏற்காடு 2004 தேர்தல் வரைக்கும் சேலம் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ள இருந்தது. 2008 மறுவரையறையில் அது புதுசா உருவான கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குப் போயிடுச்சு. 2009 தேர்தல்லேர்ந்து இவங்க ஓட்டுப் போடறது கள்ளக்குறிச்சி எம்.பி.க்கு.

8/
சேலம் மாநகராட்சியை ஒட்டி இருக்கிற ஊர் இது. கள்ளக்குறிச்சி போகணும்னா வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் எல்லாம் தாண்டணும். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அப்போ அது விழுப்புரம் மாவட்டம். 2019லேர்ந்து தனி மாவட்டம். சேலம் மாவட்டமா அது ஒருநாளும் இருந்ததில்லை.

9/
இது ஒரு ஊர்க் கதைன்னு நினைக்காதீங்க. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதி. அது நாலு எம்.பி. தொகுதியாப் பிரிஞ்சு கிடக்கு.
சேலம்: ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி.
கள்ளக்குறிச்சி: ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி.
தர்மபுரி: மேட்டூர்.
நாமக்கல்: சங்ககிரி.

10/
இதில் யாரோ சதி பண்ணிட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. கணக்கு அப்படி. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்.பி. தொகுதி. ஒரு எம்.பி.க்கு ஆறு. ஒரு சட்டமன்றத் தொகுதியை ரெண்டு எம்.பி. தொகுதிக்குப் பிச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். 11இல் ஆறு போக அஞ்சு மிச்சம். அந்த அஞ்சும் எங்கயாவது ஒட்டித்தானே ஆகணும்.

11/
ஆனா எந்த அஞ்சு? எதோட ஒட்டறது? அதை முடிவு பண்றது மனுஷங்க. அந்த முடிவு நடந்தப்ப நம்ம பக்கத்திலிருந்து எத்தனை பேர் பேசினோம்? நான் பேசலை. அப்படி ஒண்ணு நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. அப்ப நான் நைட் டியூட்டி பார்த்துக்கிட்டு இருந்தேன்.

12/
இப்போ ஏன் இதைச் சொல்றேன்? 2025 ஜூன் மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரசிதழ் அறிவிப்பு வந்தாச்சு. கணக்குத் தேதி 2027 மார்ச் 1. 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வரைக்கும்தான் தொகுதி எண்ணிக்கைக்குப் பூட்டு. 1976இல் போட்ட பூட்டு, 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தத்தில் நீட்டின பூட்டு. அது திறக்கற நேரம் நெருங்குது.

13/
எல்லாரும் பேசறது எண்ணிக்கையைப் பற்றி. 39 குறையுமா, வடக்கே ஏறுமா? அந்தக் கவலை நியாயமானது. 1962இல் நமக்கு 41 எம்.பி. 1967இல் 39 ஆச்சு. அப்பவே ஒரு தடவை இழந்திருக்கோம்.

14/
ஒரு டாக்டரா எனக்கு அதில் தனி வருத்தமும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில் வேலை செஞ்ச கிராம செவிலியர்கள் வாங்கிக் கொடுத்த பலன் அது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியா தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, பீகாரில் 3.0. நல்லா வேலை செஞ்சவங்களுக்கு இடம் குறைஞ்சா அது அநியாயம். 2025 மார்ச் மாதம் சென்னையில் பல மாநிலங்கள் கூடிப் பேசினதும் இதைத்தான்.

15/
ஆனா அந்தச் சத்தத்தில் இன்னொரு பாதி அமுங்கிப் போகுது. மறுவரையறைன்னா ரெண்டு வேலை. ஒண்ணு எண்ணிக்கை. இன்னொண்ணு கோடு. நமக்கு 39 நின்னாலும் சரி, கூடினாலும் சரி, குறைஞ்சாலும் சரி, நம்ம ஊர்க் கோடு மாறப் போகுது. 2008இல் எண்ணிக்கை ஒண்ணுகூட மாறலை. 234 அப்படியே 234. 39 அப்படியே 39. ஆனா தொகுதிகள் எப்படிக் கலைஞ்சதுன்னு பாருங்க.

16/
சேலம் 1, சேலம் 2, பனமரத்துப்பட்டி, தாரமங்கலம், தலைவாசல், கபிலர்மலை: இந்தப் பேர்ல இருந்த சட்டமன்றத் தொகுதி எதுவும் இப்போ இல்லை. ராசிபுரம் எம்.பி. தொகுதி போய் நாமக்கல் வந்தது. திருச்செங்கோடு எம்.பி. தொகுதி போச்சு. அதில் குமாரபாளையம் இப்போ ஈரோட்டோட இருக்கு.

17/
தனித் தொகுதிகளும் மாறிச்சு. நாமக்கல்லும் சங்ககிரியும் தனித் தொகுதியா இருந்து பொது ஆச்சு. ராசிபுரமும் ஆத்தூரும் பொதுவா இருந்து தனி ஆச்சு. சரி தப்புன்னு நான் இங்கே வாதாட வரலை. இவ்வளவும் நடந்து முடிஞ்ச பிறகு, ஓட்டுச் சாவடிக்குப் போனப்பதான் பலருக்குத் தெரிஞ்சது. அதுதான் என் வருத்தம்.

18/
இப்போ ஏற்காடு தொகுதிக்கே வருவோம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதி ரெண்டே ரெண்டு. ஏற்காடு, சேந்தமங்கலம். 2008க்கு முன்னாடி மூணு. திருச்சி மாவட்டத்து உப்பிலியபுரம் அந்த மறுவரையறையில் காணாமப் போச்சு.

19/
கீழே சமவெளியில் அடிக்கடி ஒரு பேச்சு கேட்பேன். "ஏன் சார், எப்பவும் மலைக்காரங்களுக்குத்தானா? நாங்க நிக்கவே முடியாதா?" நான் நேராவே பதில் சொல்றேன். மலையில் இருக்கிறவங்க மொத்த மாநிலத்தில் சின்ன எண்ணிக்கை. இந்த ஒதுக்கீடு இல்லேன்னா 234 பேர்ல ஒருத்தராக்கூட அவங்க உள்ளே போறது கஷ்டம். அது அவங்களுக்கு அரசியலமைப்பு கொடுத்த இடம். அதில் கை வைக்கக் கூடாது.

20/
ஆனா மலைக்காரங்க பக்கமிருந்தும் ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கறதில்லை. வேட்பாளர் பழங்குடியா இருக்கணும், சரி. ஓட்டு யாருடையது? ஏற்காடு தாலுகாவோட வாழப்பாடிப் பக்கமும் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் சேர்ந்ததுதான் தொகுதி. ஓட்டில் பெரும்பங்கு மலைக்குக் கீழே. ஜெயிக்கணும்னா எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வும் கீழேதான் அதிகம் சுத்தணும்.

21/
மலையோட தேவை வேற. ரோடு வரைக்கும் கர்ப்பிணியைத் தூக்கிக்கிட்டு வந்ததா என்கிட்டயே சொன்ன குடும்பங்கள் உண்டு. கீழே தேவை வேற: சாக்கடை, குடிதண்ணி, நகரம் வீங்கி ஊருக்குள்ள வர்ற தொல்லை. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. ரெண்டு உலகத்துக்கும் அதே 3 கோடி, அதே ஒரு ஆள்.

22/
2013 டிசம்பர் 4 இடைத்தேர்தல் ஞாபகம் இருக்கா? எம்.எல்.ஏ. பெருமாள் இறந்து போனதால வந்தது. ஏறக்குறைய 90 சதவீத ஓட்டு. அவர் மனைவி சரோஜா 78 ஆயிரத்துக்கும் மேல வித்தியாசத்தில் ஜெயிச்சாங்க. நோட்டா அப்பதான் புதுசு, அதுக்கே 4 ஆயிரத்துக்கும் மேல விழுந்தது. அந்தச் சில வாரம் இந்தத் தொகுதி எங்கே இருக்குன்னு தமிழ்நாட்டுக்கே தெரிஞ்சது.

23/
சட்டம் என்ன சொல்லுது? 2002 மறுவரையறைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு: தொகுதி முடிஞ்சவரை ஒரே கொத்தா இருக்கணும். மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி இதையெல்லாம் கணக்கில் எடுக்கணும். நல்ல வரிகள். ஆனா "பொதுமக்கள் வசதி" என்னன்னு பொதுமக்கள்தானே சொல்லணும்?

24/
சொல்லலேன்னா என்ன ஆகும்னு காஷ்மீரைப் பாருங்க. 2022 மறுவரையறையில் அனந்த்நாக்கையும் ரஜௌரியையும் ஒரே எம்.பி. தொகுதியாச் சேர்த்தாங்க. நடுவில் பீர் பஞ்சால் மலை. நேரா இணைக்கிற முகல் ரோடு பனிக்காலத்தில் மூடிடும். 2024இல் மே 7 நடக்க வேண்டிய ஓட்டுப்பதிவு மே 25க்குத் தள்ளிப் போச்சு. அமெரிக்காவில் நிலைமை வேற. பெரும்பாலான மாநிலங்களில் ஆளுங்கட்சியே தனக்குச் சாதகமாக் கோடு போட்டுக்க முடியும். நம்மகிட்ட தனி ஆணையம் இருக்கு. அது நல்ல விஷயம். ஆனா ஆணையத்துக்கு நம்ம ஊர் பஸ் ரூட் தெரியாது.

25/
நடைமுறை எப்படி? போன தடவை நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். மாநிலத்துக்கு 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்கள். அவங்க கருத்து சொல்லலாம், ஓட்டு கிடையாது. முதல்ல வரைவு வெளியாகும். பொதுமக்கள் ஆட்சேபம் எழுதலாம். நேரில் கூட்டமும் நடக்கும். அப்புறம் இறுதி ஆணை.

26/
இறுதி ஆணை வந்துட்டா முடிஞ்சது. அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு நீதிமன்றக் கதவை ஏறக்குறைய மூடிடுது. அப்பட்டமா தன்னிச்சையா இருந்தா பார்க்கலாம்னு 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வச்சிருக்கு, அவ்வளவுதான். ஆக, வரைவுக்கும் இறுதிக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் நம்ம கையில்.

27/
ஆபரேஷனுக்கு முன்னாடி ஒப்புதல் படிவம் கொடுப்போம். பத்தில் எட்டுப் பேர் படிக்காம கையெழுத்துப் போடுவாங்க. நான் திட்டி, உட்கார வச்சுப் படிக்கச் சொல்வேன். ஆனா என் சொந்த ஊர்ப் பக்கத்து வரைபடத்துக்கு நானே படிக்காம கையெழுத்துப் போட்ட மாதிரிதான் இருந்திருக்கேன்.

28/
என்ன செய்யலாம்?
முதல்ல, உங்க வாக்காளர் அட்டையை எடுத்து சட்டமன்றத் தொகுதி பேரைப் பாருங்க. அது எந்த எம்.பி. தொகுதின்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்க.

29/
அடுத்தது கிராம சபை. வருஷத்துக்கு ஆறு நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்க ஊர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது, எந்தச் சந்தை, எந்தப் பஸ், எந்தத் தாலுகா ஆபீஸ்னு எழுதி, "தொகுதி பிரிக்கும்போது இதைக் கணக்கில் எடுக்கணும்"னு ஒரு தீர்மானம் போட்டு வையுங்க. வரைவு வர்ற நாளில் கையில் தாள் இருக்கும்.

30/
மலைக் கிராமங்கள் தனியாப் போடட்டும். கீழே இருக்கிறவங்க தனியாப் போடட்டும். ஒருத்தர் கேட்கறது இன்னொருத்தருக்கு எதிரா இருக்கணும்னு அவசியமில்லை. ஒதுக்கீடு அப்படியே இருக்கட்டும், மலைத் தொகுதியில் மலைக்கு எடை கூடட்டும், நகரத்தை ஒட்டின ஊர் நகரத்தோட சேரட்டும்னு ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்கலாம்.

31/
எண்ணிக்கைக்காகக் கட்சிகள் சண்டை போடுவாங்க. போடட்டும், நானும் அவங்க பக்கம்தான். ஆனா வாழப்பாடிக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் கோடு எங்கே விழணும்னு சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ யாரும் நமக்காகப் பேசப் போறதில்லை.

32/
அந்தப் பையன்? அடுத்த வாரம் சரியான கடிதம் கிடைச்சு விண்ணப்பம் போச்சு. சிகிச்சை தொடங்கி, இப்போ மாத்திரையில் இருக்கான். போன மாசம் வந்தப்ப அரை அடி வளர்ந்திருந்தான். கடிதம் தாமதமானதால எதுவும் கெட்டுப் போகலை. அது எங்க அதிர்ஷ்டம். அவங்கம்மா இன்னும் என்னைப் பார்த்தா சிரிச்சுக்கிட்டே கேட்பாங்க: "சார், எம்.பி. ஆருன்னு இப்பத் தெரியுமுங்களா?"

33/
இப்போ தெரியும். கிளினிக் சுவத்தில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில், எந்த ஊர் எந்த எம்.எல்.ஏ., எந்த எம்.பி. தொகுதின்னு ஒரு தாள் ஒட்டி வச்சிருக்கேன். உங்க ஊர் விவரத்தைக் கீழே எழுதுங்க. உங்க எம்.பி. தொகுதித் தலைநகர் எத்தனை கிலோமீட்டர்னும் சேர்த்து எழுதுங்க.

நாளைக்கு வழக்கம்போல டெங்கு.