உச்சி எங்கேயும் ஓடிப்போகாது!

குழந்தைகளே!

வெள்ளிக்கிழமை இரவில் பூந்தமல்லி பைபாஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்காகக் காத்து நிற்கும் அண்ணன்களையும் அக்காக்களையும் பார்த்திருப்பீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்காவது ஒரு மலை முகட்டில் நடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குத் திரும்பி விடுவார்கள். இதைத்தான் மலையேற்றம், 'ட்ரெக்கிங்' என்கிறோம்.

எங்கள் காட்டுப்பாக்கத்தில் பெயரில் மட்டும்தான் காடு இருக்கிறது. ஊர் முழுக்கக் கட்டடம், வண்டி, புழுதி! மலை என்று பார்க்க வேண்டுமானால் பரங்கிமலைக்குத்தான் போக வேண்டும். அதனால், இங்கிருந்து புறப்பட்டுப் போகிற பிள்ளைகளின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. உங்களில் பலருக்கும் பெரியவர்கள் ஆனதும் அப்படிப் போக வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

ஆனால், இந்தப் பேச்சை எடுத்தாலே பல வீடுகளில், "மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். குரங்கணி ஞாபகம் இல்லையா?" என்று முடித்து விடுகிறார்கள்.

குரங்கணியில் என்ன நடந்தது? உங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள். சிலர் பிறக்கவே இல்லை. அதனால் சொல்கிறேன்.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் குரங்கணி. அதற்கு மேலே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலை முகட்டை ஒட்டி இருக்கிறது கொழுக்குமலை. உலகத்திலேயே மிக உயரமான இடங்களில் உள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 2018 மார்ச் மாதம், சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழுவும் அங்கே போயின. பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் நிறையப் பேர். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. உயரமாக வளர்ந்து காய்ந்து கிடந்த புல், கூடவே காற்று. திசைக்கு ஒருவராக ஓடினார்கள். தகவல் தெரிந்ததும் முதலில் மலை ஏறி ஓடியவர்கள் அந்தப் பகுதிக் கிராமத்து மக்கள்தான். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருந்தும், அன்றும் அதன்பின் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள்.

இதைப் படிக்கவே மனம் கனக்கிறது அல்லவா? அப்படியானால், "மலைக்கே போகாதே" என்று பெற்றோர் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள்.

அவர்களுடைய பயம் நியாயமானது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் துயரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால், அவர்கள் எடுக்கும் முடிவு சரி என்று நான் நினைக்கவில்லை. கிணற்றில் ஒருவர் விழுந்தால், ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுப்பார்களா, தண்ணீர்ப் பக்கமே போகாதே என்பார்களா? போகாதே என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, 20 வயதில் கையில் சம்பளம் வந்ததும் நண்பர்களோடு புறப்பட்டு விடும். அப்போது அதற்கு ஆசை இருக்கும். மலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆபத்து!

ஒரு சின்னப் பாடம் பாருங்கள். அம்மா விளக்கேற்றும்போது தீக்குச்சியைக் கவனியுங்கள். (நீங்கள் கொளுத்திப் பார்க்கக் கூடாது!) எரியும் முனை மேலே இருந்தால் குச்சி மெதுவாக எரியும். அதே முனையைக் கீழே சாய்த்தால், நெருப்பு விறுவிறுவென்று விரலை நோக்கி ஏறும். ஏன்? சூடான காற்று மேலே எழும். அது மேலே இருக்கும் குச்சியை முன்கூட்டியே சூடாக்கி விடுவதால் சட்டென்று பற்றிக்கொள்கிறது. மலைச்சரிவிலும் இதேதான். சமதரையில் பரவுவதைவிட, 10 டிகிரி சரிவில் தீ ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மேலே ஏறும். 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு. போதாக்குறைக்குப் பகலில் காற்றும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசும். மனிதனுக்கோ சரிவில் ஏறும்போது வேகம் குறையும். ஆக, தீக்கு மேலே நின்று, மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்க முடியாது. புல்லில்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை - இவைதான் ஓரளவு பாதுகாப்பான இடங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம்தானே இது? ஆனால், வெப்பம் பற்றிய பாடத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற நாம், மலைச்சரிவோடு அதைச் சேர்த்து யோசிப்பதில்லை. மலையைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டு, மலையைப் படிக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

படிக்க வேண்டியது தீயைப் பற்றி மட்டும் அல்ல. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். கீழே வியர்த்தவர் மேலே நடுங்குவார். நனைந்த துணியோடு இருந்தால் இன்னும் மோசம். இடி மின்னல் வரும்போது முகட்டில் நிற்பது, வெட்டவெளியில் தனி மரமாக நிற்பது போல. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டை நிரப்பினால் வழியில் அழ வேண்டியதுதான்! மலையில் இருட்டு சீக்கிரம் வரும். குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லாருடைய வேகமும். முன்னால் ஓடுகிறவர் வீரர் அல்ல, குழுவைப் பிரிக்கிறவர்.

அடுத்தது, அனுமதி. குரங்கணியில் அந்தக் குழுவினர் சென்ற தடத்துக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசுத் தரப்பில் அப்போது சொன்னார்கள். இறந்தவர்கள் மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. வழிநடத்திக் கூட்டிச் செல்கிறவர்களை நம்பித்தான் பலர் போயிருப்பார்கள். ஆனால், "காடு எல்லாருக்கும் பொது, நடப்பதற்கு எதற்கு அனுமதிச் சீட்டு? எதற்குக் கட்டணம்?" என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான்: மலைக்குள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள், எந்த வழியில் போயிருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் ஆபத்து நேரத்தில் தேடி வர முடியும். பள்ளியில் வருகைப் பதிவேடு எதற்கு? அடிப்பதற்கா? மாலையில் ஒரு பிள்ளை குறைந்தால் தேடுவதற்குத்தானே!

குரங்கணிக்குப் பிறகு, 2018இலேயே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். எளியது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. வனத்துறை பயிற்சி கொடுத்த வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். அவர்கள் பழங்குடியினரும், காட்டை ஒட்டிய ஊர்க்காரர்களும்தான். பாதை எங்கே பிரியும், யானை எந்தப் பக்கம் போயிருக்கிறது, மேகம் எப்போது இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நாம் கட்டும் கட்டணத்தில் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடியும் வைக்கிறார்கள்.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அப்பால் இருக்கும் குடியம் குகையும் இந்தத் தடங்களில் ஒன்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கற்கால மனிதர்கள் நடமாடிய பகுதி அது! பள்ளிச் சுற்றுலா என்றால் எப்போதும் தீம் பார்க்தான் என்றில்லாமல், ஆண்டுக்கு ஒரு நாள், ஆசிரியரும் வழிகாட்டியும் கூட வர, இப்படியொரு எளிய தடத்தில் பிள்ளைகளை நடக்க வைக்கலாமே? வரலாறு, அறிவியல், உடற்பயிற்சி மூன்றுக்கும் ஒரே நாளில் வகுப்பு நடந்துவிடும். பெற்றோரின் பயமும் தெளியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. திரும்பி வரக் கற்பது!

எட் வீஸ்டர்ஸ் என்று ஓர் அமெரிக்க மலையேற்ற வீரர். 1987இல் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிக்கு இன்னும் சுமார் 300 அடிதான் பாக்கி. நிலைமை சரியில்லை, ஏறினால் பத்திரமாக இறங்க முடியாது என்று தோன்றியது. அங்கிருந்தே திரும்பி விட்டார். எவ்வளவு தூரம் வந்து, எவ்வளவு பக்கத்தில் போய்! அவரைக் கோழை என்பீர்களா? 1990இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். 2005க்குள், உலகில் 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த 14 சிகரங்களிலும், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறி முடித்தார். அன்று திரும்பியதால்தான் பின்னால் அத்தனை ஏற முடிந்தது. "இவ்வளவு பணம் கட்டி வந்துவிட்டோமே", "போட்டோ எடுக்காமல் போனால் கேலி செய்வார்களே" என்கிற பேச்சுக்கு மலை முகட்டில் வேலையே இல்லை.

சரி, இப்போதே என்ன செய்யலாம்?

* உங்கள் புத்தகப் பையை நீங்களே சுமந்து, முடிந்த தூரம் நடந்து பழகுங்கள்.

* லீவு நாளில் அப்பா, அம்மாவோடு பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பாருங்கள். மூச்சு எங்கே வாங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

* எங்கே போனாலும், "இன்ன இடத்துக்கு, இன்னாரோடு போகிறேன், இத்தனை மணிக்கு வருவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் வேண்டும்.

* அணைக்காத தீக்குச்சி, பீடித் துண்டு போன்ற மனிதர்களின் கவனக்குறைவாலும் காடுகள் எரிகின்றன. பெரியவர்கள் அப்படிப் போட்டால், மரியாதையாக ஆனால் தைரியமாகச் சொல்லுங்கள்.

* கொண்டுபோன பிளாஸ்டிக்கை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கட்டிப் போடாதீர்கள், கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். "யாரோடு போகிறாய், அனுமதி வாங்கியாயிற்றா, வழிகாட்டி உண்டா, திரும்புவது எப்போது?" - இந்த நான்கு கேள்விக்கும் நேரான பதில் வந்தால் வழியனுப்பி வையுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் நிறுத்தி விடுங்கள்.

மலை பல கோடி ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வருடம் போகலாம். உச்சி எங்கேயும் ஓடிப்போகாது. நீங்கள் பத்திரமாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம். என்ன குழந்தைகளே, சரிதானே?

- ஓய்வு பெற்ற ஆசிரியை, காட்டுப்பாக்கம்.