எகலாவிலிருந்து வந்த பாட்டு

சினிமாப் பாட்டு வேண்டுமா? "சிலோனை வை" என்பார்கள், நெய்வேலிக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாய்க் குடிவந்த அந்நாளையப் பெண்கள். 1952-இல் மந்திரியான கேஸ்கர், நம் வானொலியில் சினிமாப் பாட்டைக் கத்தரித்துவிட்டாரே! அடுப்படியில் வேகிறவளுக்கு அதுவும் கூடாதாம்.

பாட்டைக் கடல் கடத்தி அனுப்பியது, கொழும்புக்கு வடக்கே எகலா என்ற கிராமம். பிரிட்டிஷார் யுத்தச் சிப்பாய்களுக்காக ஆரம்பித்த வானொலியின் 100 கிலோவாட் சிற்றலை நிலையம் அங்கே இருந்தது. 1949-இல் இலங்கை சர்க்கார் கைக்கு வந்தது. சிற்றலை வானத்து மின்மண்டலத்தில் மோதித் தொலைவில் இறங்கும். நடுவே மங்கும்; தாளித்த கரண்டியோடு ஓடிவந்து குமிழைத் திருக வேண்டும்.

1957 அக்டோபரில் டில்லி இறங்கிவந்து விவித் பாரதியைத் தொடங்கியது. அதற்காகச் சிலோனை விட்டார்களா? அதெப்படி விடுவார்கள்!