எங்க ஊரு பம்புளி!

சென்னையில் 'எந்த ஊரு?' என்று யார் கேட்டாலும் என் பதில், 'குற்றாலம் பக்கம்!' அருவியின் புகழில் ஓசி சவாரி.

நிஜ ஊர் பண்பொழி. பைம்பொழில் (பசுமையான சோலை) தேய்ந்து அப்படி ஆனதாம். கண்டக்டர் வாயில் அது இன்னும் தேய்ந்து 'பம்புளி'! 2019 வரை நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. மலைமேல் திருமலைக் குமாரசாமி. அருணகிரிநாதர் பாடிய முருகன்.

போன மாதம் வந்திருந்த அம்மா, என் பதிலைக் கேட்டுவிட்டாள்.

"ஏல, மலைமேல நிக்கவனுக்கு நம்மூரு பத்துது. உனக்குப் பத்தலியோ?"

சுருக்கென்றது.

நேற்று புது மேனேஜர் கேட்டார். "பம்புளி சார்!" என்றேன்.

"புளியா? கிலோ என்ன விலை?"

"அது விலைக்கு வராது சார்!"