மடிக்கு வராத பூனை

திருப்பதியின் புறநகரில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து போன வருடம் எனக்கு ஒரு வேலை வந்தது. கூலி இல்லாத வேலை. ஒரு பூனையைத் தத்துக் கொடுப்பதற்கான அறிவிப்பைத் தெலுங்கிலிருந்து தமிழாக்கித் தர வேண்டும். சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் நிறைய. அங்கே ஒட்டுவதற்கு என்றார்கள். அரசாணைகளோடும் தேர்தல் அறிக்கைகளோடும் மல்லுக்கட்டிப் பழகியவளுக்கு எட்டு வரி அறிவிப்பு ஒரு பொருட்டா? ஆனால் முதல் சொல்லே சிரிக்க வைத்தது. தெலுங்கில் பூனைக்கு 'பில்லி' என்று பெயர். அதை அப்படியே விட்டால் நம்மவர்கள் சூனியத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

'அழகானது, ஆரோக்கியமானது, குழந்தைகளோடு நன்றாக விளையாடும்' என்றது அறிவிப்பு. மொழிபெயர்ப்பாளருக்கு மூலத்தைச் சரிபார்க்கும் வியாதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

கடைசிக் கூண்டில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த மாம்பழப் பெட்டிக்குள் சாம்பல் வரி போட்ட நாட்டுப் பூனை ஒன்று ஒடுங்கியிருந்தது. ஒரு கண் தெளிவு, ஒரு கண் பால் படிந்தது போல. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் குனிந்ததும் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன. சீறியது. அந்தச் சீறலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"இதுவா குழந்தைகளோடு விளையாடும்?"

"லேது மேடம்" என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். "யார்கூடவும் விளையாடாது. உள்ளதை எழுதினா யார் வருவாங்க, சொல்லுங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் உள்ளதை எழுதாமல் விட்டதன் பலனும் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு அடுக்குமாடிக் குடும்பம் கூட்டிப் போனது. நான்கு நாள் பூனை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. குழந்தைகள் ஏமாந்து போனார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. இரண்டாவது வீட்டார் நல்லவர்கள், சைவர்கள். தயிர்சாதம் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. பூனை அசைவத்தைத் தவிர வேறு வழியில்லாத பிராணி. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். அங்கிருந்தும் திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சளியும் கண்ணீரும் கூடிவிட்டன என்றார் இளைஞர்.

அதற்கும் காரணம் இருக்கிறது. 1955இல் கல்லூரியாகத் தொடங்கி, 2005 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பூனையைக் காட்டியிருந்தார்கள். பூனைகளுக்கே உரிய ஒரு ஹெர்பீஸ் வைரஸ். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் உடம்பிலேயே தங்கிவிடும். அமைதியாக இருக்கும்வரை அதுவும் தூங்கும். இடம் மாறினால், பயந்தால், விழித்துக்கொள்ளும். மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. சில நாள் தொடர்ந்து சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்து. ஆக, இந்தப் பூனைக்குப் பயமே ஒரு நோய். மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் தாங்காது என்பது எனக்கே புரிந்தது.

'நோய்' என்ற சொல்லுக்கு நாம் எப்படி மிரள்வோம் என்பதற்குச் சாட்சி சென்னைத் துறைமுகத்திலேயே உண்டு. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து பொம்மைகளோடு வந்த கண்டெய்னரைத் திறந்தபோது உள்ளே ஒரு பூனை இருந்தது. கொரோனா பீதி தலையெடுத்த நேரம். வந்த வழியே அனுப்பிவிடுவது என்று பேச்சு எழுந்தது. விலங்கு நல அமைப்புகள் எதிர்த்தன, செய்தித்தாள்கள் எழுதின, பூனை தேசியச் செய்தியானது. அந்தப் பூனைக்கு ஒரு கண்டெய்னரும் ஒரு நாடும் துணைக்கு இருந்தன. சித்தூர் மாங்கூழ் ஆலை ஒன்றின் பின்புறம் கண்டெடுக்கப்பட்ட நம் பூனைக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றாது என்பதைக் கூட யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகப் பிறந்த 1960ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்கிறது. கைவிடாதே என்று சட்டம் சொல்லலாம். கைகொடு என்று யாரையும் அது கட்டாயப்படுத்த முடியாது.

திருப்பதியில் இருந்துகொண்டு பூனையைப் பற்றி யோசித்தால் வைணவத்துக்கு வராமல் இருக்க முடியாது. ராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியர்கள் சரணாகதியை விளக்க இரண்டு தாய்களைக் காட்டினார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினால்தான் தாய் சுமப்பாள். இது மர்க்கட நியாயம், வடகலையார் பக்கம். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தாயே வாயில் கவ்வி எடுத்துப் போவாள். இது மார்ஜார நியாயம், தென்கலையார் பக்கம். கடவுள் விஷயத்தில் எது சரியென்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் காப்பகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் மர்க்கட நியாயக்காரர்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஓடி வந்து காலைச் சுற்றும் குட்டியைத்தான் தூக்குகிறார்கள். பற்றத் தெரியாதது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பூனையிடமே நாம் குரங்கின் நியாயத்தை எதிர்பார்க்கிறோம்!

பற்றத் தெரியாதது அதன் குற்றமும் அல்ல. பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்த நாட்களில் ஒரு மனிதக் கையும் அன்பாகத் தொடாவிட்டால், பிறகு பழகுவது மெல்ல மெல்லத்தான். சில பூனைகள் மடிக்கு வருவதே இல்லை.

அறிவிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை. காப்பகத்தாரின் சம்மதத்தோடு புதிதாக எழுதினேன்: 'பூனை. பெண். மூன்று வயது இருக்கும். கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆகிவிட்டன. ஒரு கண் மங்கல். அடிக்கடி சளி பிடிக்கும். மனிதர்களுக்கு ஒட்டாது, மற்ற பூனைகளுக்கு ஒட்டும். ஆகவே வேறு பூனை இல்லாத வீடு வேண்டும். மீனோ கோழியோ போட வேண்டும். ஆட்களைக் கண்டால் பயம். உங்கள் மடியில் ஏறாது. ஒருவேளை எப்போதுமே ஏறாது. ஒரு மூலையும் பொறுமையும் இருந்தால் போதும்.'

பெயர் கேட்டார்கள். 'வெருகு' என்றேன். காட்டுப் பூனைக்குச் சங்க காலத்துப் பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் அதன் இளமைக்குக் 'குட்டி' என்ற சொல்லை உரிமையாக்கித் தந்திருக்கிறது. 'வெருவுதல்' என்றால் அஞ்சுதல் என்பதால் இந்தப் பூனைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. இளைஞர் அதை 'வெரகு' என்று தெலுங்குக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்று வாரம் யாரும் வரவில்லை. இளைஞர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் அவர் பெருமூச்சு கேட்டது. உண்மையைச் சொல்லி ஒரு உயிரின் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று சில இரவுகள் தூக்கம் வரவில்லை.

நான்காவது வாரம் சித்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை பேசினார். தனியாக இருப்பவர். கணவர் ஆறு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் பூனையின் அழகைப் பற்றிக் கேட்கவில்லை. "ஒழுங்கா சாப்பிடுதாம்மா?" என்றார். பிறகு, "மடியில ஏறாதுன்னு போட்டிருக்கீங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சுது. எனக்கும் முழங்கால் வலி."

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் வரை ஒரே மாவட்டம், இப்போது இரண்டு. கூடையின் மேல் துணி போட்டு மூடி, சந்திரகிரி வழியாகக் கொண்டு போனோம். வழி நெடுக வெருகு ஒரு சத்தமும் போடவில்லை. பயந்த பூனை எப்போதும் கத்துவதில்லை.

டீச்சரம்மாவுக்குச் சொன்னவை இவைதான். முதலில் முழு வீட்டையும் காட்ட வேண்டாம், ஒரு அறை போதும். அதில் ஒரு அட்டைப்பெட்டி. காப்பகத்துப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தால் அவை சீக்கிரம் அமைதியாகின்றன என்று 2014இல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வே நடந்திருக்கிறது. சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வையுங்கள், அடைத்த மூக்குக்கும் வாசனை எட்டும். முள் நீக்கிய மீன். உப்பு, வெங்காயம் கூடாது. பசும்பால் வேண்டாம், பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலைத் தவறியும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நேராக முறைத்துப் பார்க்க வேண்டாம். கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால் பூனைகள் பதிலுக்கு அப்படியே செய்கின்றன என்று இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் கண்டு சொன்னார்கள்.

"இவ்வளவுதானே?" என்றார் டீச்சரம்மா. "பேசாம பக்கத்துல உட்கார்ந்திருக்கறது எனக்குப் பழக்கம்தான்."

முதல் வாரம் வெருகு ராத்திரியில் மட்டும் சாப்பிட்டது. மூன்றாவது வாரம் பெட்டியின் விளிம்பில் தலை தெரிந்தது. டீச்சரம்மா தினமும் அந்த அறையில் உட்கார்ந்து செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தாராம். குரல் பழகட்டும் என்று. இரண்டாவது மாதம் ஒருமுறை சளி பிடித்து மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மீனில் கலந்து கொடுத்துச் சமாளித்தார்.

போன வாரம் போன் செய்தேன். கண்ணில் இன்னும் நீர் வடிகிறதாம். இதுவரை ஒருமுறை கூடத் தொட்டதில்லையாம்.

"மடிக்கு வந்துதா?" என்று நானும் கேட்டுவிட்டேன். எனக்குள்ளும் ஒரு மர்க்கட நியாயக்காரி இருக்கிறாள் போல.

"இல்லம்மா" என்றார். "முன்னெல்லாம் நான் உள்ளே வந்தா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கும், கண்ணை எடுக்காது. இப்ப எனக்கு முதுகைக் காட்டிட்டுத் தூங்குது."